ஏட்டு வாசிக்காமல் விட்ட பெயர்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் பேச்சு எப்படியும் சின்ன வயசுக்குப் போய்விடுகிறது. பொழுது சாயும் நேரத்தில் தெருவில் என்ன ஆடினோம், யார் வந்து காதைத் திருகி வீட்டுக்கு இழுத்துப் போனார்கள் என்று ஆளாளுக்குச் சொல்கிறீர்கள். என் முறை வரும்போது மட்டும் நான் டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போய்விடுகிறேன். போன வாரம் உங்களில் ஒருவர் அதைக் கவனித்துக் கேட்டும்விட்டார். வாயால் சொல்ல வரவில்லை. எழுதித் தருகிறேன், படித்துக்கொள்ளுங்கள்.

நாங்களும் பொழுது சாயும்போது ஆடினோம். அதற்கு ஏட்டு விளையாட்டு என்று பெயர். ஒருத்தி போலீஸ் ஏட்டு. மற்றவர்கள் வரிசையாகக் குந்திக்கொள்ள வேண்டும். ஏட்டு பெயர் வாசிப்பாள். அவரவர் அப்பன் பெயர் வரும்போது, 'இருக்கேனுங்க' என்று சொல்ல வேண்டும். சொல்லத் தாமதித்தால் முதுகில் வேப்பங்குச்சியால் ஒரு அடி. சிரித்தால் இன்னும் பலமாக. எங்கள் குடிசைகளில் வேறு ஆட்டம் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

சேந்தமங்கலத்துக்கும் கொல்லிமலைக்கும் நடுவே இருந்த ஒரு ஊர். பெயர் வேண்டாம். வெள்ளைக்காரன் போட்ட ஒரு சட்டம் அப்போது நடப்பில் இருந்தது. சில சாதிகளில் பிறந்தவன் பிறப்பாலேயே திருடன் என்றது அந்தச் சட்டம். கைரேகைச் சட்டம் என்பார்கள். எங்கள் சாதியும் அதில் அடக்கம். சாதியின் பெயரையும் நான் எழுதப்போவதில்லை. ஏட்டு வாயால் அதைக் கேட்டுக் கேட்டு, இன்றைக்கும் அந்த எழுத்துகளைப் பார்த்தால் அவர் குரல்தான் காதில் விழுகிறது.

மீசை முளைத்த ஆண்கள் எல்லாரும் பத்து விரலையும் மையில் தோய்த்துப் பதிந்து கொடுத்திருந்தார்கள். பொழுது சாயும்போது போலீஸ் டேசனுக்குப் போய் வரிசையில் குந்த வேண்டும். ஏட்டு பெயர் வாசித்து முடித்ததும் பின்பக்கத்துத் தகரக் கொட்டாயில் படுக்க வேண்டும். வெளியே பூட்டு விழும். விடியலில் திறந்துவிடுவார்கள். அடுத்த ஊருக்குப் போவதென்றால் ஏட்டிடம் சீட்டு வாங்க வேண்டும். மேற்கே வெயில் மஞ்சளாகத் தொடங்கினால் அப்பா கக்கத்தில் பாயும் கையில் சோற்றுத் தூக்குப்போசியுமாகக் கிளம்பிவிடுவார். அந்தத் தூக்குப்போசியின் மூடி சரியாகப் பொருந்தாது. அவர் நடக்க நடக்க அது ஆடும் சத்தம் தூரத்தில் தேய்ந்து மறையும். விளக்கு வைத்த பிறகு என் அப்பா எப்படி இருப்பார் என்று எனக்குத் தெரியாது. மழைக்காலத்தில் கூரை பிய்ந்துகொண்டு போகும்போது அம்மாதான் குடிசையின் நடுக்கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பாள்.

எனக்கு ஒரு தம்பி பிறந்தான். அவன் பிறந்ததும் போனதும் ஒரே இரவு. அம்மாவின் அலறல் கொட்டாய் வரைக்கும் கேட்டிருக்கிறது. அப்பா உள்ளிருந்து கதவைத் தட்டினாராம். "பொம்பளை பெத்துக்கறா, நீ போய் என்னடா பண்ணப் போற?" என்றாராம் ஏட்டு. காலையில் அப்பா வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அன்றைக்கு மாலையும் அவர் பாயை எடுத்துக்கொண்டு போனார்.

அப்பா அப்படித்தான். கிணறு வெட்டப் போவார், யாரிடமும் நிமிர்ந்து பேசமாட்டார். "பணிவா இருந்துக்கிட்டா என்னைக்காச்சும் ஒரு நாள் நோட்டுல இருந்து பேரை அடிச்சுருவாங்க" என்று அடிக்கடி சொல்வார். அதை அவர் உண்மையாகவே நம்பினார். நானும் நம்பினேன். நல்ல பிள்ளையாக இருந்தால் அப்பாவை விட்டுவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டு, டேசன் பக்கம் போகும்போது சத்தம் போடாமல் நடப்பேன்.

அம்மாவின் தம்பி, என் மாமா, எங்களோடுதான் இருந்தார். அவருக்கும் கிணற்று வேலைதான். ஆனால் எந்நேரமும் யாரிடமாவது எதையாவது கேட்டுக்கொண்டே இருக்கும் ஆள். பாறைக்கு வெடி வைக்கும்போது அடியில் இருக்கும் தண்ணீர் பயந்து வேறு பக்கம் ஓடிவிடாதா என்று என்னிடம் கேட்பார். நான் இரண்டு நாள் யோசிப்பேன். ஏட்டு ஆத்தூர்ப் பக்கத்து ஆள். எங்களைப்போல 'ங்க' போட்டுப் பேசமாட்டார். மாமா அதே குரலில், "ஏண்டா, சோத்தைத் தின்னியா, சோறு உன்னைத் தின்னுச்சா?" என்று பேசிக்காட்டினால் எங்களுக்குப் புரையேறும். அப்பா மட்டும் வாசலை எட்டிப் பார்ப்பார்.

ஜலகண்டாபுரம் பக்கம் மாமாவுக்குப் பெண் பேசி வைத்திருந்தார்கள். போய்ப் பார்த்துவரச் சீட்டு வேண்டும். ஏட்டு தரவில்லை. பெண் வீட்டார் வரலாம் என்றால் அவர்களுக்கும் அந்த ஊரில் சீட்டு வேண்டும். இப்படியே ஒரு வெள்ளாமை முடிந்து அடுத்தது வந்துவிட்டது. மாமா சந்தையில் பின்பக்கம் மயில் போட்ட ஒரு கைக்கண்ணாடி வாங்கி வைத்திருந்தார். தினமும் அதில் தலை சீவிக்கொண்டு, "அந்தப் புள்ளை என்னைப் பாக்கறதுக்குள்ள நரைச்சுப் போயிருமாட்டம் இருக்குது" என்பார்.

நான் சொல்ல வந்தது ஒரு கோடையைப் பற்றி. மலையில் காட்டுத்தீ பிடித்து இரவெல்லாம் சிவப்புக் கோடாகத் தெரிந்த கோடை. மாரியம்மன் பண்டிகை வந்தது. கம்பம் நட்டு, மேளம் அடித்து, ஊரே விழித்திருந்த இரவில் எங்கள் ஆண்கள் வழக்கம்போலத் தகரக் கொட்டாய்க்குள் பூட்டுக்குப் பின்னால் இருந்தார்கள். அந்த இரவில்தான் பண்ணாடி வீட்டில் காசுமாலை காணாமல் போய், விடிவதற்குள் டேசனில் பிராதும் கொடுத்தார்கள். ஊரில் பெரிய நிலக்காரரை நாங்கள் பண்ணாடி என்றுதான் அழைப்போம். அவர் தோட்டத்துக் கிணறுகளில் பாதி அப்பாவும் மாமாவும் வெட்டியவை.

விடிந்தது, கொட்டாயிலிருந்து யாரும் திரும்பவில்லை. போலீஸ்காரர்கள்தான் வந்தார்கள். பெண்களை வெயிலில் வரிசையாக நிறுத்திவிட்டு குடிசை குடிசையாக நுழைந்தார்கள். அடுக்குப்பானைகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து உடைத்தார்கள். கொட்டிய கம்பைக் கோழிகள் பொறுக்கின. அடுப்படியைக் கடப்பாரையால் தோண்டினார்கள். மயில் கண்ணாடி ஒரு பூட்ஸ் காலின் கீழ் நொறுங்கியதை நான் பார்த்தேன். எதுவும் கிடைக்கவில்லை.

டேசனில் நடந்ததை அப்பா வெகுகாலம் கழித்துத்தான் சொன்னார். புது இன்ஸ்பெக்டர் வந்திருந்தாராம். ராத்திரி யாருடா வெளியே போனது என்று கேட்டிருக்கிறார். எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். மாமா கேட்டிருக்கிறார்: "ராத்திரி பூட்டுனது ஏட்டையா. வெடியால தொறந்ததும் அவருதானுங்க. நடுவால நாங்க எப்படிங்க போயிருப்போம்?"

 பூட்டு சரியாக இருந்தது என்றால் திருடன் வேறு யாரோ. அவனைப் பெரிய வீடுகளுக்குள் போய்த் தேட வேண்டும். ஏட்டு கவனமாக இல்லை என்றால் ஏட்டுக்கு வேலை போகும். இரண்டையும்விட, 'பூட்டை நெம்பித் திறந்தது நான்தான்' என்று மாமாவைச் சொல்ல வைப்பது சுலபமாக இருந்திருக்கிறது. உச்சிவேளையில் மற்றவர்களை விட்டுவிட்டு மாமாவை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

அப்பா வந்ததும், "பண்ணாடிகிட்டச் சொன்னா உட்டுருவாங்க" என்றார்.

"நானும் வாரேன்" என்று அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பினாள்.

பண்ணாடி களத்தில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அப்பா மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தள்ளி நின்று சொன்னார். "சாமி, அவன் உங்க கெணத்துல கெடந்த பையனுங்க. ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க."

பண்ணாடி எங்களைப் பார்க்காமல் மாட்டுத் தொழுவத்தைப் பார்த்துப் பேசினார். "நான் பேசறேன். நீங்க போங்க. பொழுதோட உட்டுருவாங்க."

அவர் வீட்டம்மா கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டு, பண்டிகைக்குச் சுட்ட கச்சாயம் ஒன்றைக் கொடுத்தாள். அவள் வேறெங்கோ பார்த்துக்கொண்டு நீட்டியதில் அது கீழே விழுந்தது. நான் எடுத்து ஊதித் தின்றேன். வெல்லமும் மண்ணும் சேர்ந்த அந்த ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.

வழியெல்லாம் அப்பா, "சொல்லீட்டாரு பாத்தியா, பண்ணாடி சொல்லீட்டாரு" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.  குடிசை வந்ததும் அம்மா, "அந்தம்மா ஏன் என்ற மூஞ்சியப் பாக்கவே இல்லைங்க?" என்று கேட்டாள்.

பொழுது சாய்ந்தது. மாமா வரவில்லை. அப்பா பாயை எடுத்தார்.

"இன்னைக்குமா போறீங்க?"

"போகலீனா அவனுக்குத்தான் அடி சேத்தி உழுகும்."

அடுத்த நாளும் மாமா வரவில்லை. அதற்கடுத்த நாள் காலையில் ஒரு போலீஸ்காரர் வந்தார். உங்கள் ஆள் தப்பி ஓடப் பார்த்து டேசனுக்குப் பின்னால் இருக்கும் பாழுங்கிணற்றில் விழுந்துவிட்டான், எடுத்துக்கொண்டு போய் உச்சிவேளைக்குள் புதைத்துவிடுங்கள், ஊர் வழியாகக் கொண்டுபோகக் கூடாது என்றார். சொல்லும்போது அவரும் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

கயிற்றுக் கட்டிலில் கொண்டுவந்து வேம்படியில் இறக்கினார்கள். என்னைத் தள்ளிப் போகச் சொன்னார்கள். நான் போகவில்லை. அம்மா குடத்துத் தண்ணீரை ஊற்றி மாமாவின் காலைக் கழுவினாள். கழுவிக்கொண்டே இருந்தவள் நிறுத்திவிட்டாள். இரண்டு உள்ளங்கால்களும் வீங்கி, வெடித்து, அழுகிய கத்தரிக்காய் நிறத்தில் இருந்தன. அம்மா பக்கத்துக் குடிசைச் சித்தியைக் கூப்பிட்டுக் காட்டினாள். பிறகு ஒவ்வொரு பெண்ணாகக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"இந்தக் காலை வச்சுக்கிட்டு ஓடுனானாம்" என்றாள்.

குழி வெட்டப் போனவர்களை நிறுத்தச் சொன்னாள். அப்பா பயந்துபோனார். "வேண்டாம். நாளைக்கும் நாம இங்கதான் இருந்தாகோணும்."

"இப்ப மட்டும் எங்கீங்க இருக்கறோம்?" என்றாள் அம்மா.

அப்பா கீழே உட்கார்ந்துவிட்டார். உச்சி தாண்டியது. அம்மா மாமாவுக்குத் தலை சீவி, துவைத்த வேட்டி கட்டி, வெயில் மஞ்சளாகும் வரை கட்டிலின் பக்கத்தில் இருந்தாள். ஆண்கள் பாய்களை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். அவர்களுக்குப் பின்னால் பெண்கள் கட்டிலைத் தூக்கினார்கள். முன்கால் இரண்டையும் அம்மாவும் சித்தியும் பிடித்தார்கள்.

அன்றைக்குச் சந்தை. ஊர் வழியாகப் போகக் கூடாது என்று சொல்லியிருந்தார்களா, அம்மா சந்தைக்கு நடுவிலேயே போனாள். கருவாட்டுக் கடை, வெல்லக் கடை, வளையல் கடை என்று ஒவ்வொன்றாகப் பேச்சு அடங்கியது. தராசைத் தூக்கியவர் தூக்கியபடி நின்றார். நான் அம்மாவின் சேலை முந்தியைப் பிடித்துக்கொண்டு போனேன். எங்களுக்குப் பின்னால் காலடிச் சத்தம் கூடிக்கொண்டே வந்தது.

டேசன் வாசலில் ஆண்கள் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். அப்பாவுக்கு அடுத்த இடம் காலியாக இருந்தது. அது மாமா குந்தும் இடம். அம்மா கட்டிலைச் சரியாக அந்த இடத்தில் இறக்கச் சொன்னாள்.

ஏட்டு எழுந்துவிட்டார். "என்னடி இது?"

"பொழுது உழுகறப்ப வந்தாகோணும்னு நீங்கதானுங்க சொன்னீங்க. வந்திருக்கறான். பேரைக் கூப்புடுங்க."

ஏட்டு சுற்றிலும் பார்த்தார். சந்தைக் கூட்டம் வேலிவரைக்கும் நின்றது. என்ன செய்வதென்று தெரியாமல் வழக்கம்போல வாசிக்கத் தொடங்கினார். ஒவ்வொருவராக, 'இருக்கேனுங்க' என்றார்கள். அப்பாவின் பெயர் வந்தது. அப்பாவும் சொன்னார். அடுத்து மாமாவின் பெயர் வர வேண்டும். ஏட்டு அதைத் தாண்டி அடுத்த பெயருக்குப் போனார்.

"ஒண்ணை உட்டுட்டீங்க" என்றாள் அம்மா.

அடுத்த பெயருக்கு உரியவர் வாய் திறக்கவில்லை. ஏட்டு மறுபடி அதே பெயரை வாசித்தார். பதில் இல்லை. அதற்கடுத்த பெயர். அதற்கும் இல்லை. தாமதித்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். நாங்கள் ஆடும் ஆட்டம் அது. என் முதுகு தானாகக் கூனியது.

ஒரு போலீஸ்காரர் தடியோடு இறங்கி வந்து அம்மாவின் தோளில் அடித்தார். அம்மா கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மறு அடி விழும்போது சித்தி நடுவில் புகுந்தாள். எல்லாப் பெண்களும் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்தார்கள். நான் மாமாவின் பாதத்துக்குப் பக்கத்தில் இருந்தேன். எழுந்து ஓடவும் வழியில்லை. சுற்றிலும் பெண்கள், அவர்களைச் சுற்றி போலீஸ்காரர்கள், அவர்களுக்குப் பின்னால் ஊர். வியர்வையும் மஞ்சளும் செத்த உடம்பின் வாடையும் கலந்து அடித்தது.

அப்போது கூட்டம் பிரிந்து வழிவிட்டது. பண்ணாடி வீட்டம்மா வந்தாள். வண்டியில்லாமல் அவள் தெருவில் நடந்து நான் பார்த்ததே கிடையாது. மூச்சு வாங்கியது. ஏட்டைப் பார்த்துத்தான் பேசினாள்; ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

"நகை எங்கூட்டுக் குதிருக்குள்ளயே கெடந்துச்சுங்க. மருமக பண்டிகைக் கூட்டத்துக்குப் பயந்துக்கிட்டு ஒளிச்சு வச்சு மறந்துட்டா. முந்தாநேத்து வெடியாலயே கெடைச்சுருச்சு. குடுத்த பிராதை எப்படித் திருப்பி வாங்கறது, நாலு பேரு என்ன சொல்லுவாங்கன்னு அவரு சும்மா இருந்துட்டாரு. நானும் இருந்துட்டேன்."

பிறகு அம்மாவின் பக்கம் திரும்பினாள்.  நின்றபடியே அழுதாள். அம்மா அவளைப் பார்த்தாள். முந்தாநாள் காலை என்றால், நாங்கள் களத்தில் போய் நின்ற அன்றைக்கே அவர்களுக்குத் தெரியும். மாமா அப்போது உயிரோடு இருந்தார். பண்ணாடி கெட்டவர் என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. ஒரு நாள் மானம் போகும் என்று தயங்கினார், அவ்வளவுதான். அதற்குள் இது நடந்துவிட்டது.

சந்தைக் கூட்டத்திலிருந்து முதல் கல் எந்தக் கையிலிருந்து வந்தது என்று தெரியாது. டேசன் ஓட்டில் விழுந்து உருண்டது. அம்மா எழுந்து, "யாரும் எறிய வேண்டாமுங்க. எறிஞ்சா அதையே சாக்கா வச்சு எங்களைத்தான் சுடுவாங்க" என்றாள். யாரும் எறியவில்லை. யாரும் போகவும் இல்லை. ராசிபுரத்துக்குத் திரும்ப வேண்டிய நெய் வியாபாரிகள்கூட வண்டியை அவிழ்த்துவிட்டு அங்கேயே இருந்தார்கள். அன்றைக்குக் கொட்டாயின் பூட்டு திறந்தே கிடந்தது. ஆண்கள் உள்ளே போகவில்லை.

மறுநாள் சேலத்திலிருந்து ஒரு துரை வந்தார். டாக்டர் வந்து காலைப் பார்த்தார். பெரிய விசாரணை நடந்தது. அதன் முடிவு உங்களுக்கு ஆச்சரியமாக இருக்காது. கிணற்றில் விழுந்ததுதான் சாவுக்குக் காரணம் என்றார்கள். ஏட்டை வேறு ஊருக்கு மாற்றினார்கள். கொட்டாயில் படுக்கும் வழக்கத்தை நிறுத்தி, மாலையில் குடிசைக்கே வந்து பெயர் வாசிக்கச் சொன்னார்கள். எங்களுக்குக் கிடைத்தது அது. கூட்டம் கூட்டிக் கலகம் செய்தாள் என்று அம்மாவைச் சேலம் ஜெயிலுக்கு அனுப்பினார்கள்.

அம்மா இல்லாத மாதங்களில் அப்பா குடிசையில் படுத்தார். தூக்கம் வராது. இருட்டில் எழுந்து போய்க் கதவைத் தள்ளிப் பார்ப்பார், திறந்திருக்கிறதா என்று. திறந்திருந்தால் அதையும் தாங்க முடியாமல் சாத்துவார்.  சோளக்களி கிண்டத் தெரியாமல் கட்டியும் மாவுமாகக் கிண்டி வைப்பார். இரண்டு பேரும் தின்போம்.

அம்மாவை விடும் நாளைச் சித்தி விசாரித்து வந்து சொன்னாள். அன்று விடியலில் அப்பா என்னை எழுப்பி முகம் கழுவிவிட்டார். ராசிபுரம் வரை வரப்புகளிலேயே நடந்து, அங்கே பஸ் ஏறினோம். உள்ளே நெய் டின்களின் வாடை. பஸ் நிற்கும்போதெல்லாம் அவர் கை என் முழங்காலை அழுத்தும். ஒரு இடத்தில் போலீஸ்காரர் ஒருவர் ஏறி எங்கள் பக்கத்தில் நின்றுகொண்டு வந்தார். அவர் இறங்கும்வரை அப்பா மூச்சு விட்டாரா என்று எனக்குத் தெரியாது. இறங்கிய பிறகு பார்த்தேன், என் பாவாடையில் அவருடைய வியர்வை கைத்தடமாக நனைந்திருந்தது.

ஜெயில் வாசலில் புளியமரத்தடியில் காத்திருந்தோம். அம்மா வந்தாள். அடிபட்ட தோள் இறங்கிப் போயிருந்தது. என்னைக் கட்டிக்கொண்டாள். பிறகுதான் அப்பாவைப் பார்த்தாள். பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"சீட்டுக் குடுத்தாங்களா?"

"கேக்கல" என்றார் அப்பா.

அம்மா வெயிலை அண்ணாந்து பார்த்தாள். "பொழுதோட வந்து பேரைக் கூப்புடுவாங்களே" என்றாள்.

"கூப்புடட்டும்."

  அம்மா என் கையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். "அப்ப பஸ்ஸு வேண்டாமுங்க. ரோட்டு மேலயே நடந்து போயிரலாம்."

சீட்டில்லாமல் ஊரைவிட்டுப் போனதற்காக அப்பாவுக்கும் பிறகு ஜெயில் கிடைத்தது. அம்மா இருந்ததைவிட அதிக நாள். சட்டத்தை எடுத்ததோ இன்னும் சில வருஷங்கள் கழித்து. அன்றைக்கு அதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. ராசிபுரம் ரோட்டில், நல்ல வெயிலில், மூன்று பேரும் நடுவிலேயே நடந்தோம். எதிரே பருத்தி ஏற்றி வந்த வண்டிக்காரன் ஓரம் போகச் சொல்லிச் சத்தம் போட்டான். அப்பா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு நேராகவே நடந்தார். அவன்தான் மாட்டைத் திருப்பினான்.